வேலைத் திட்டமும் நேரமும்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தின் திட்டப் பிரிவில் வேலை செய்கிறேன். தண்ணீர்த் தாங்கி, மலசலகூடம், முன்பள்ளிக் கட்டடம், மாதர் சங்கப் பயிற்சி என்று எங்களிடம் வருபவை எல்லாம் சின்னச் சின்ன வேலைகள். புதிதாகச் சேரும் வெளிக்கள உத்தியோகத்தர்கள், தேயிலைத் தோட்டத்துக் குழுத் தலைவர்கள், வீட்டில் இருந்தபடியே கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் கணினியில் வேலை செய்யும் பிள்ளைகள் என்று யார் வந்தாலும் நேரத்தைப் பற்றிக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியை எழுதி, கீழே பதில் போட்டிருக்கிறேன். பிந்திய பதில்கள் முந்தியவற்றைத் தொட்டுப் போகும். அதனால் முதல் தடவை மேலிருந்து வாசியுங்கள்.

நாங்க செய்றது சின்ன வேலை. இதுக்கெல்லாம் திட்டம், அட்டவணைன்னு போடணுமா?

ஒரே ஆள் ஒரே நாளில் முடித்துவிடும் வேலைக்குத் தேவையில்லை. இன்னொருவரின் கையெழுத்து, இன்னொருவரின் லொறி, இன்னொருவர் ஓய்வாக இருக்கும் நாள் என்று எதற்காவது காத்திருக்க வேண்டிய வேலைக்குத் தேவை. தொகையை வைத்து இதை முடிவு செய்ய வேண்டாம். ஒரு டிவிஷனுக்கு, அதாவது தோட்டத்தின் ஒரு பிரிவுக்கு, தண்ணீர்த் தாங்கி வைப்பது பணத்தில் சின்ன வேலை. ஆனால் அதில் தோட்டத் துரை (முகாமையாளர்), தொழில்நுட்ப உத்தியோகத்தர், கடை முதலாளி, மேசன், லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) மக்கள் என்று ஐந்து தரப்பு இருக்கிறது. ஐந்து தரப்பு என்றால் ஐந்து காத்திருப்பு.

நாள் முழுக்க ஓடுறேன். சாயந்திரம் பார்த்தா ஒண்ணும் முடியல. நேரம் எங்கதான் போகுது?

ஊகிக்க வேண்டாம், ஒரு கிழமை எழுதிப் பாருங்கள். சட்டைப் பையில் அடங்கும் சின்னக் கொப்பி போதும். ஒவ்வொரு அரை மணிக்கும் மூன்றில் ஓர் எழுத்து: வேலை செய்தால் ‘செ’, யாருக்காவது அல்லது எதற்காவது காத்திருந்தால் ‘கா’, வழியில் இருந்தால் ‘அ’, அதாவது அலைச்சல்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு தங்கச்சி எழுதிய காலைப் பக்கம் இப்படி இருந்தது. 8.30க்கு வந்ததும் மேல்பிரிவில் இருந்து பைப் எப்போது வரும் என்று ஒரு டெலிபோன். 9.00க்குப் போட்டோக் கொப்பி எடுக்கப் போனால் கடையில் ஓ.எல். பரீட்சைப் பழைய வினாத்தாள் எடுக்கும் பிள்ளைகளின் வரிசை. 9.30க்கு விலைமனுவில் கையெழுத்து வாங்கப் போனால் சேர் கூட்டத்தில். 10.00க்குத் தேநீர். 10.30க்குத்தான் அறிக்கையைத் திறந்தாள். 11.00க்கு "நேற்றைய படம் அனுப்புங்க" என்று கொழும்பில் இருந்து செய்தி. நண்பகல் வரை ‘செ’ இரண்டே இரண்டு. மிச்சத்தில் பாதிக்கு மேல் ‘கா’.

இங்கே பலருடைய கொப்பியிலும் இதே கதைதான். நேரம் போவது சோம்பலில் இல்லை, காத்திருப்பில். அதனால் இந்தப் பக்கம் முழுவதும் நான் திரும்பத் திரும்பக் கேட்கப்போவது ஒன்றுதான்: எதற்கு, யாரிடம் காத்திருக்கிறீர்கள்? அந்தக் காத்திருப்பை எவ்வளவு சீக்கிரம் தொடங்கி வைக்கலாம்?

காலையில நாலு மணிக்கு எழும்பினா எல்லாம் சரியாயிடும்னு வீடியோவில சொல்றாங்களே?

லயத்தில் பெண்கள் காலம் காலமாக நாலு மணிக்குத்தான் எழும்புகிறார்கள். அதனால் அவர்களுக்கு நேரம் மிஞ்சியதாக யாரும் சொல்லக் கேட்டதில்லை. உங்கள் வேலை பிரதேச செயலகத்தில் ஒருவருடைய மேசையில் கிடந்தால், நீங்கள் நாலு மணிக்கு எழும்பினாலும் அந்த மேசை காலை எட்டரைக்குத்தான் திறக்கும். நன்றாகத் தூங்குங்கள்.

ஒரு வேலைக்கு எத்தனை நாள்னு எப்படிக் கணக்குப் போடுறது? நான் சொல்ற நாள் எப்பவுமே தப்பாப் போகுது.

உங்களுக்கு மட்டும் இல்லை. உளவியலாளர்களான டானியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இலேயே இதற்குத் திட்டமிடல் மயக்கம் (planning fallacy) என்று பெயர் வைத்தார்கள். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், பட்ட ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கோளாறாகிப் போனால் எத்தனை நாள் என்று கேட்டதற்கு 49 என்றார்கள். உண்மையில் எடுத்தது 55 நாளுக்கும் மேல். தாங்களே நினைத்துப் பார்த்த மோசமான நிலையையும் அவர்கள் தாண்டிவிட்டார்கள்.

இதற்கு இரண்டு வழி உண்டு. முதலாவது, மனதைக் கேட்காமல் பழைய கோப்பைப் பார்ப்பது. போன தடவை இதே மாதிரிக் கடிதம் எந்தத் திகதியில் கொடுத்தோம், எந்தத் திகதியில் கைக்கு வந்தது? பதில் அதில் இருக்கிறது. "இந்தத் தடவை அப்படி ஆகாது" என்று மனம் சொல்லும், கேட்காதீர்கள்.

பழைய கோப்பு இல்லாவிட்டால் மூன்று எண்ணைப் போடுங்கள்: எல்லாம் கைகூடினால், வழக்கம்போல் போனால், மோசமாகப் போனால். மதிப்பீட்டு அறிக்கை 3 நாளில் வரலாம், வழக்கமாக 7 நாள், மோசமானால் 23 நாள் என்று வைப்போம். நடு எண்ணை நாலால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் பிரியுங்கள். 3ம் 28ம் 23ம் சேர்ந்தால் 54. ஆறால் பிரித்தால் 9 நாள். 1958இல் அமெரிக்கக் கடற்படை ஏவுகணைத் திட்டமொன்றுக்காக உருவாக்கிய முறை இது, பேர்ட் (PERT) என்பார்கள். வழக்கமான ஏழுக்கும் இந்த ஒன்பதுக்கும் இடையில் இருக்கும் இரண்டு நாள்தான் நாம் எப்போதும் மறந்துவிடும் நாள்.

வேலைகளை எந்த வரிசையில போடணும்? நான் கையில சிக்கினதை முதல்ல செய்றேன்.

தண்ணீர்த் தாங்கியையே எடுப்போம். தோட்ட நிர்வாகத்தின் சம்மதக் கடிதம் 14 நாள். தொழில்நுட்ப உத்தியோகத்தரின் செலவு மதிப்பீடு 10 நாள். மதிப்பீடு வந்த பிறகு மூன்று கடைகளில் விலைமனு, 7 நாள். பிறகு பொருளை வாங்கி லொறியில் ஏற்ற 5 நாள். பொருளும் கடிதமும் கையில் இருந்தால் தாங்கிக்கு அடித்தளம் போட 3 நாள். கொங்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாள் தண்ணீர் காட்ட வேண்டும். அதன் பிறகு தாங்கியை ஏற்றிக் குழாய் பொருத்த 3 நாள். இதற்கிடையில் குழாய் பதிக்கக் கான் (நீளப் பள்ளம்) வெட்டும் வேலை 6 நாள். அதற்குக் கடிதம் மட்டும் இருந்தால் போதும்.

எல்லாவற்றையும் வரிசையாகக் கூட்டினால் 55 நாள். அப்படிக் கூட்டுவதுதான் தவறு. கடிதமும் மதிப்பீடும் ஒரே நாளில் தொடங்கலாம். மதிப்பீடு, விலைமனு, பொருள் மூன்றும் சேர்ந்து 22 நாள். அதற்குள் 14 நாள் கடிதம் வந்துவிடும். அது 8 நாள் பிந்தினாலும் யாருக்கும் நட்டமில்லை. 22உடன் 3ம் 7ம் 3ம் சேர்த்தால் 35 நாள். இந்த நீண்ட சங்கிலியில் உள்ள எந்த வேலை ஒரு நாள் பிந்தினாலும் முழுத் திட்டமும் ஒரு நாள் பிந்தும். 1957இல் டுபொன்ட் இரசாயனக் கம்பனியில் தொடங்கிய கணக்கு இது.

ஆகவே முதல் நாள் காலையில் செய்ய வேண்டியது மதிப்பீட்டுக்கு விண்ணப்பம் கொடுப்பது. எல்லோரும் துரையைப் பார்க்கப் போவதைத்தான் பெரிய காரியமாக நினைத்து அதற்கே முதல் கிழமையைச் செலவழிக்கிறார்கள். கடிதமும் முக்கியம்தான், ஆனால் அதற்கு 8 நாள் இடம் இருக்கிறது. மதிப்பீட்டுக்கு ஒரு நாள்கூட இல்லை.

கான் வெட்ட ஆறு நாள்னு எழுதினோம். ஒண்ணரை மாசம் ஆயிடுச்சு. எப்படி?

ஆறு நாள் என்பது வேலை நாள். வெட்டியது சிரமதானத்தில் (கூலியில்லாமல் ஊர் கூடிச் செய்யும் வேலை), அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். மற்ற நாட்களில் காலை ஆள் கணக்கெடுப்பான பெரட்டுக்குப் போய், கொழுந்தை எடை போட்டு, வீடு திரும்பும் ஆட்களிடம் மண்வெட்டியைக் கொடுக்க முடியாது. கடிதம் 14ஆம் நாள் வந்து, முதல் ஞாயிறு 15ஆம் நாளில் விழுந்தால் ஆறாவது ஞாயிறு 50ஆம் நாள். அதற்குப் பிறகு குழாய் பொருத்த 3 நாள். 35 என்று போட்ட திட்டம் 53க்கு முன் முடியாது. மேலே சங்கிலியிலேயே வராத கான்தான் இப்போது நீண்ட சங்கிலி.

வழி இருக்கிறது. ஞாயிறுக்கு இருபது பேர் வந்தால் ஆறு ஞாயிறு என்றால், பக்கத்து லயத்தையும் சேர்த்து நாற்பது பேர் வந்தால் மூன்று ஞாயிறு: 15, 22, 29. குழாய் பொருத்தும் வேலை 33ஆம் நாள்தான் தொடங்குகிறது என்பதால் மீண்டும் 35க்குள் வந்துவிடும். மாதர் சங்கத் தலைவியிடமும் கோயில் கமிட்டியிடமும் இந்தக் கணக்கை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஐந்தாவது ஞாயிறு போய் ஆள் கேட்டால் வருகிறவர்களுக்கே சலித்திருக்கும்.

அட்டவணை போடும்போது ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் "எந்த நாட்களில் நடக்கும்" என்று ஒரு பத்தி வையுங்கள். போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை, மாதத்துக்கு ஒன்று. தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி. அந்தத் தோட்டத்து மாரியம்மன் திருவிழா. மாசியில் காமன் கூத்து ஆடும் தோட்டம் என்றால் அதற்கும் இடம் விட வேண்டும். இவை ஒன்றும் திடீரென்று வருபவை இல்லை.

மழைக்காலத்தில என்ன அட்டவணை போட்டு என்ன பிரயோசனம்?

மலையகத்துக்கு ஒரே மழைக்காலம் என்று நினைத்துக்கொண்டு கேட்கிற கேள்வி இது. மே முதல் செப்டெம்பர் வரை அடிக்கும் தென்மேற்குப் பருவமழை கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்தை நனைக்கும். அதே காலத்தில் பண்டாரவளை, பதுளை, பசறைப் பக்கம் காய்ந்து கிடக்கும். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை அந்த ஊவாப் பக்கத்தைப் பிடிக்கும். மார்ச், ஏப்ரலில் காலை வெளிச்சமாக இருந்து பிற்பகலில் இடி மழை. ஒக்டோபர், நவம்பர் எல்லோருக்கும் பொதுவான மழை. தாழமுக்கமும் புயலும் வருவது பெரும்பாலும் அப்போதுதான்.

ஆகவே ஹட்டன் பக்கத்துக் கொங்கிரீட் வேலையை ஜனவரி முதல் மார்ச்சுக்குள் போடுங்கள். ஊவா என்றால் ஜூன் முதல் செப்டெம்பருக்குள். இடி மழை மாதங்களில் கொங்கிரீட்டைக் காலை ஏழு மணிக்குத் தொடங்கி நண்பகலுக்குள் முடியுங்கள். அடைமழை மாதங்களுக்குப் பயிற்சி வகுப்பு, கணக்கு, அறிக்கை என்று கூரைக்குக் கீழே நடக்கிறவற்றை ஒதுக்குங்கள். மழை நாள் வீண் நாள் இல்லை, அதற்கான வேலையை முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தால்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படியாக விடுக்கும். மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயார், சிவப்பு என்றால் வெளியேறு. எங்கள் அலுவலகத்தில் மஞ்சளிலேயே வெளிக்கள வேலையை நிறுத்திவிடுவோம். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலுக்குப் பிறகு இதற்கு யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

சரி, கூட நாள் வச்சுப் போட்டா, அந்தக் கூடுதல் நாளும் கரைஞ்சு போயிடுதே?

நல்ல கேள்வி. வேலை, கொடுத்த நேரம் முழுவதையும் நிரப்பும் வரை வீங்கும் என்று பார்க்கின்சன் என்ற ஆங்கில எழுத்தாளர் 1955இல் எழுதியது இதைத்தான். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு இரண்டு நாளாகக் கூட்டி வைத்தால் ஒவ்வொருவரும் அந்த இரண்டு நாளையும் தின்றுவிடுவார்கள்.

அதனால் கூடுதல் நாளைப் பிரித்துக் கொடுக்க வேண்டாம். எல்லாவற்றையும் சேர்த்துக் கடைசியில் ஒரே கட்டாக வையுங்கள். மேசனிடம் மூன்று நாள் என்றால் மூன்று நாள்தான். 35 நாள் திட்டத்துக்குக் கடைசியில் 8, 9 நாள் கையிருப்பு. யாராவது பிந்தினால் அதில் இருந்து எடுத்து, எத்தனை நாள் எடுத்தோம் என்று எழுதிவையுங்கள். அந்தக் கையிருப்பு எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேறில்லை.

டிவிஷனுக்குப் போய் வர்றதிலயே ஒரு நாள் போகுது. அங்க போனா தலைவர் இல்ல.

போவதற்கு முதல் நாள் மாலை ஒரு டெலிபோன், காலையில் பஸ் ஏறும் முன் இன்னொன்று. தலைவர் இல்லாவிட்டால் யாரிடம் கதைக்கலாம் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பிறகு ஒரே பாதையில் உள்ள வேலைகளை ஒரே நாளில் சேருங்கள். பொகவந்தலாவைப் பாதை செவ்வாய், மஸ்கெலியாப் பாதை வியாழன் என்று நாளை நிரந்தரமாக்கினால் தோட்டத்தாருக்கும் பழகிவிடும். "செவ்வாய்க்கிழமை மிஸ் வருவாங்க" என்று கடிதத்தை எடுத்து வைத்திருப்பார்கள். லயத்தில் ஆட்களைப் பார்க்க வேண்டுமானால் பத்து மணிக்குப் போய்ப் பிரயோசனம் இல்லை, எல்லோரும் மலையில் இருப்பார்கள். நாலரைக்குப் பிறகு போக வேண்டும். அப்படியானால் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் கொப்பியில் எழுத வேண்டும்.

நுவரெலியாக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகம்) போகிறவர்களுக்கு: ஹட்டனில் இருந்து பஸ்ஸில் போக ஏறத்தாழ இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். ஒரு கையெழுத்துக்காக மட்டும் அந்த நாலு மணி நேரத்தைக் கொடுக்காதீர்கள்.

கந்தோர்ல கையெழுத்துக்கு இழுத்தடிக்கிறாங்க. நான் என்ன செய்ய முடியும்?

நீங்கள் நினைப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாகச் செய்யலாம். கொடுக்கும்போதே மூன்று கேள்வி கேளுங்கள். இதில் ஏதாவது குறைகிறதா? அடுத்து இது யார் மேசைக்குப் போகும்? அவர் லீவில் இருந்தால் பதில் கடமை யாருக்கு? பாதித் தாமதம் இணைப்பு குறைவதால் வருவது. தேசிய அடையாள அட்டைப் பிரதியோ கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோ இல்லை என்று கோப்பு ஓரமாகக் கிடக்கும். உங்களிடம் சொல்ல ஆள் இருக்காது.

கொடுத்ததற்குத் திகதி முத்திரை போட்ட பிரதி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். எந்த நாளில் கேட்க வரலாம் என்று அவரிடமே கேட்டு, அந்த நாளில் மட்டும் கேளுங்கள். தினமும் டெலிபோன் எடுத்தால் உங்கள் குரலே அவருக்குச் சலித்துவிடும். இன்னொன்று: இலங்கையில் அரசின் நிதியாண்டு டிசெம்பர் 31இல் முடிகிறது. அந்தத் திகதிக்குள் செலவழியாத ஒதுக்கீடு காலாவதியாகும் என்பதால் நவம்பரில் இருந்து எல்லாக் கோப்பும் ஒரே நேரத்தில் ஒரே மேசையில் குவியும். அரசாங்கப் பணம் கலந்த திட்டம் என்றால் உங்கள் கையெழுத்துகளை ஒக்டோபருக்கு முன் முடித்துக்கொள்ளுங்கள்.

ஒரே நேரத்தில மூணு திட்டம் தலையில இருக்கு. எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் செய்றேன்.

மூன்று திட்டத்தை வைத்திருப்பது சிக்கல் இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் மூன்றையும் தொடுவதுதான் சிக்கல். ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்ததற்குப் போனால் மனதில் ஒரு பங்கு பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இல் பரிசோதித்துக் காட்டினார். அரை நாளுக்கு ஒரு திட்டம் என்று பிரியுங்கள். பாதியில் எழும்ப நேர்ந்தால், எங்கே நிறுத்தினீர்கள், அடுத்தது என்ன என்று ஒரு வரி எழுதிவிட்டு எழும்புங்கள்.

ஆனால் காத்திருப்பைத் தொடங்கும் வேலைகள் வேறு வகை. விண்ணப்பம் கொடுப்பது, விலை கேட்டு அனுப்புவது, திகதி கேட்பது ஆகியவற்றை எந்தத் திட்டமானாலும் காலையிலேயே ஒன்றாக முடித்துவிடுங்கள். நீங்கள் அறிக்கை எழுதும் நேரத்தில் அவை தாமாக நகர்ந்துகொண்டிருக்கும்.

வாட்ஸ்அப் குரூப் நாள் முழுக்கக் கத்துது.

ஒலியை நிறுத்துங்கள். காலை, நண்பகல், மாலை மூன்று தடவை பாருங்கள். அவசரம் என்றால் டெலிபோன் எடுக்கச் சொல்லுங்கள். "குட் மோர்னிங்" படத்துக்குப் பதில் போடாவிட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். கோபித்தாலும் பரவாயில்லை.

எந்த ஆப் நல்லது? 25 நிமிஷம் மணி வச்சு வேலை செய்றாங்களே, அது சரிவருமா?

ஆப் எதுவானாலும் சரி. எங்கள் அலுவலகத்தில் ஒரு சீ.ஆர். கொப்பிதான், தடித்த அட்டை போட்ட பெரிய கொப்பி. இடது பக்கத்தில் நான் செய்ய வேண்டியது, வலது பக்கத்தில் நான் காத்திருப்பது: யார், எது, எந்தத் திகதியில் கேட்டேன், மறுபடி எப்போது கேட்க வேண்டும். சிக்னல் இல்லாத டிவிஷனிலும் அது திறக்கும். ஐந்து பேருக்கு மேல் சேர்ந்து வேலை செய்தால் கூகுள் ஷீட்டில் அதே பத்திகளைப் போடுங்கள்.

25 நிமிட முறை இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் கடைசியில், மாணவராக இருந்தபோது தொடங்கியது. அறிக்கை எழுத, கணக்குப் பார்க்க நன்றாக உதவும். வெளிக்களத்துக்கு உதவாது, லயத்து அம்மா குறை சொல்லிக்கொண்டிருக்கும்போது மணி அடித்தால் எழும்பி வரவா முடியும்?

சேர் புதுசா ஒரு வேலை தர்றாரு. முடியாதுன்னு சொன்னா கோபிச்சுக்குவாரு.

முடியாது என்று சொல்ல வேண்டாம், கொப்பியை எடுத்துக்கொண்டு போங்கள். "சேர், இந்தக் கிழமை மேல்பிரிவு மதிப்பீடும் முன்பள்ளிக் கணக்கும் இருக்கு. இதை நாளைக்கே செய்யணும்னா அதில ஒண்ணு அடுத்த கிழமைக்குப் போகும். எதைத் தள்ளலாம்னு சொல்லுங்க சேர்." அப்படிக் கேட்டால் தீர்மானம் அவருடையது. மேலே சொன்ன நீண்ட சங்கிலியில் உள்ள வேலையைத் தள்ளச் சொன்னால் மட்டும், "அது ஒரு நாள் பிந்தினா முடிவுத் திகதியும் ஒரு நாள் பிந்தும் சேர்" என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். வாய்மொழியாகச் சொன்ன முடிவை அன்றைக்கே ஒரு செய்தியாக அனுப்பி வைப்பது இருவருக்கும் நல்லது.

வீட்டுக்குப் போனா சமையல், பிள்ளை, மாமியார். ரிப்போர்ட் எழுத ராத்திரி பத்து மணிதான் கிடைக்குது. எனக்கு எந்த அட்டவணை சரிவரும் அக்கா?

எந்த அட்டவணையும் சரிவராது தங்கச்சி. உனக்கு நேரம் ஒழுங்கு செய்யத் தெரியாததால் வந்த பிரச்சினை இல்லை இது. இரண்டு ஆளின் வேலை ஒரு ஆளிடம் இருப்பதால் வந்தது. அறிக்கை எழுதுவது அலுவலக வேலை. அது அலுவலக நேரத்துக்குள் நடக்க வேண்டும். நாலு நாள் வெளிக்களம் என்றால் ஐந்தாவது நாள் மேசை என்று மேலதிகாரியிடம் கேட்டு எழுத்தில் வாங்கு. வீட்டில் சமையலைப் பங்கு போடுவது தனிப் பேச்சு. அதையும் பேசத்தான் வேண்டும்.

மேலதிகாரிகளும் இதை வாசிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை: நாலரைக்குக் கூட்டம் வைக்காதீர்கள். கடைசி பஸ்ஸை விட்டால் ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசு அந்தப் பிள்ளையின் ஒரு நாள் சம்பளத்தைக் கடித்துவிடும்.

நான் வீட்டில இருந்து லண்டன் கம்பனிக்கு வேலை செய்றேன். கரண்ட் போகுது, அவங்க நேரமும் குழப்புது.

இங்கே நேரம் வருடம் முழுவதும் ஒன்றுதான். அங்கே மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னால் வைத்து, ஒக்டோபர் கடைசி ஞாயிறு திருப்பி வைப்பார்கள். கோடையில் நாம் நாலரை மணி நேரம் முன்னால், குளிர்காலத்தில் ஐந்தரை. அந்த இரண்டு கிழமைகளில்தான் கூட்டம் தவறும். நாட்காட்டியில் இப்போதே குறித்துவையுங்கள். அவர்களுடைய காலை ஒன்பது உங்களுக்குப் பிற்பகல் என்பதால், நண்பகல் வரை யாரும் குறுக்கிடாத நேரம் கையில் இருக்கிறது. ‘செ’ முழுவதையும் அதில் போடுங்கள்.

2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின் வெட்டிய காலத்தைப் பார்த்துவிட்டோம். இப்போது அப்படி இல்லை, ஆனால் காற்று மழைக்கு மரம் விழுந்து கம்பி அறுவது நிற்கவில்லை. ஒப்படைக்கும் நேரத்துக்கு ஒரு நாள் முன்னால் உங்களுக்கென்று ஒரு திகதி வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போன பிறகு மன்னிப்புக் கேட்பதைவிட, அடைமழைக் கிழமை வருகிறது என்று முன்னாலேயே எழுதுவது மதிப்பாக இருக்கும்.

பிந்திப் போச்சு. ஆள் கூட்டினா பிடிச்சிடலாமா?

கான் வெட்டும் கேள்வியில் ஆளைக் கூட்டித்தான் பிடித்தோம். மண் வெட்டுவதைப் பங்கு போடலாம், ஒருவருக்கு ஒருவர் விளக்கம் சொல்லத் தேவையில்லை. கொங்கிரீட் இறுகும் ஏழு நாளை நூறு பேர் வந்தாலும் குறைக்க முடியாது. அறிக்கை, கணக்கு, மென்பொருள் போன்றவை இன்னும் மோசம். ஐ.பி.எம். நிறுவனத்தில் பெரிய மென்பொருள் வேலை ஒன்றை நடத்திய பிரெட் புரூக்ஸ், பிந்திய வேலைக்கு ஆள் சேர்த்தால் அது இன்னும் பிந்தும் என்று 1975இல் எழுதினார். புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பதும் வேலை தெரிந்த அதே ஆள்தானே.

ஆள் சேர்க்கும் முன், பிந்தியது வேலையா காத்திருப்பா என்று பாருங்கள். காத்திருப்பு என்றால் ஆள் வேண்டாம். கோப்பு கிடக்கும் மேசைக்கு நேரில் போகிற ஒருவர் போதும்.

எல்லாம் ஒழுங்காப் போட்டும் முடிவுத் திகதி தப்பும் போல இருக்கு. நிதி தந்தவங்ககிட்ட எப்போ சொல்றது?

கடைசியில் வைத்த கையிருப்பு நாளில் பாதி போய், வேலையில் பாதி இன்னும் முடியாமல் இருந்தால் அன்றைக்கே. பெரும்பாலானோர் முடிவுத் திகதிக்கு முதல் கிழமை வரை இழுத்துவிட்டுத்தான் எழுதுகிறார்கள். அப்போது நிதி தந்தவர்களுடைய ஆண்டுக் கணக்கும் மூடியிருக்கலாம், தர நினைத்தாலும் வழி இருக்காது.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். எது முடிந்தது, எது மிச்சம், எதற்காக எந்தத் திகதியில் இருந்து காத்திருக்கிறோம், புதிய திகதி எது, செலவு கூடுமா என்பது போதும். முத்திரை போட்ட பிரதியையும், மழையால் நின்றிருந்தால் அந்த நாட்களின் மண்சரிவு எச்சரிக்கை அறிவித்தலையும் இணையுங்கள். கொப்பியின் வலது பக்கம் ஒழுங்காக இருந்தால் இதை எழுத அரை மணி நேரம் போதும். புதிய திகதியை ஒரே தடவை கேளுங்கள். இரண்டு நாள், மூன்று நாள் என்று தவணை தவணையாகக் கேட்டால் அடுத்த திட்டம் கிடைக்காது. அனுப்புவதற்கு முன், கேட்ட திகதி போயாவிலோ ஞாயிறிலோ விழுகிறதா என்று நாட்காட்டியைப் பார்த்துவிடுங்கள்.